பதினெட்டாம் கேள்விக்குப் பதினேழு பதில்

இந்த நாட்டில் இனி ஒரு வருசப்பிறப்புக் கொண்டாடுவதில்லை என்று நவரட்ணராஜா தீர்மானித்தார். எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்துக்குப் பிறகு அவர் எடுத்த பதினோராவது தீர்மானம் இது. முந்திய பத்தும் ஊர் எல்லையிலுள்ள கட்டுகஸ்தோட்டைப் பாலத்தையே தாண்டவில்லை.

இந்தமுறை காரணம் வலுத்திருந்தது. லண்டனில் இருக்கும் ஒரே மகள் லீலாதேவி எழுதியிருந்தாள்: வைகாசியில் பிள்ளை பிறக்கும், அப்பாவும் அம்மாவும் மூன்று மாதம் வந்து நில்லுங்கோ என்று.

நவரட்ணராஜா கடிதத்தை நாலு தரம் வாசித்தார். நாலு தரமும் 'மூன்று மாதம்' வந்த இடத்தில் மட்டும் கண் வழுக்கிப் போனது. போனால் திரும்பி வரும் எண்ணம் அவருக்கு இல்லை. கலவரத்தின்போது பக்கத்து வீட்டு மக்கீனின் அரிசி மூடைகளுக்குப் பின்னால் மூன்று நாள் குந்தியிருந்த மனிதர் அவர். அன்று கலவரக்காரர் வந்தது லொறியில்; மூன்று வருசமாகியும் இரவில் தெருவில் ஒரு லொறி வேகம் குறைத்தால் எழும்பிவிடுவார். லொறிச் சத்தமில்லாத ஊரில் ஒரு இரவு முழுதாகத் தூங்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை. முதலில் தான் போய் நின்றுகொண்டு, தவமணியைப் பிறகு எப்படியாவது கூப்பிடுவது திட்டம். அந்த 'எப்படியாவது' எப்படி என்று யோசித்தால் நெஞ்சு உறுத்தியது. ஆகவே யோசிப்பதை விட்டுவிட்டார்.

முந்தியெல்லாம் டிக்கட் எடுத்துப் போய் இறங்கினால் அங்கேயே முத்திரை குத்துவார்கள். இப்போது புது விதி. கொழும்பில் விசா எடுத்த பிறகுதான் விமானத்தில் கால் வைக்கலாம். நாடு எரிந்தபோது திறந்து கிடந்த கதவு, இவர் செருப்பைத் தேடி மாட்டுவதற்குள் சாத்திவிட்டது.

ஆனாலும் விதிகள் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. கண்டிக் கச்சேரி என்ற அரசாங்க அலுவலகத்தில் முப்பத்துநாலு வருசம் குப்பை கொட்டி, பிரதம லிகிதராக இளைப்பாறியவர். தலைவிதியைத் தவிர மற்ற எல்லா விதிக்கும் அவரிடம் சுற்றறிக்கை இருந்தது. அந்த முப்பத்துநாலு வருசத்தில் அவர் கண்டுபிடித்த வேதம் ஒன்று உண்டு. பத்து நாள் லீவு வேண்டுமா, இருபது நாள் கேள். இரண்டு மேசை வேண்டுமா, நாலு எழுது. மேலே இருப்பவன் பாதியை வெட்டாமல் கையெழுத்து வைக்கமாட்டான்.

"இஞ்சை பாரும் தவமணி," என்றார் மனைவியிடம். "ஒரே மகள் அங்கை. தாயும் தேப்பனும் சேந்து போனால் திரும்பி வராயினம் எண்டு விசா குடுக்கிறவனுக்குத் தெரியும். ரெண்டு பேருக்கும் கேட்டால் ஒராளுக்குத்தான் தருவான்."

"ஆருக்கு?"

"அது... அவன்ரை விருப்பம்."

"பிள்ளைப்பேறு பாக்கிறது தாயல்லோ?"

"விதியிலை ஆம்பிளை பொம்பிளை எண்டு கிடையாது."

"நீங்கள் பத்தியக்கறி காய்ச்சுவியளோ?"

"நீர் சரக்குத்தூள் இடிச்சுத் தந்துவிட்டால் அவளே காய்ச்சுவாள்."

"கறியை விடுங்கோ. தேத்தண்ணி போடுவியளோ?"

நவரட்ணராஜா பத்திரிகையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். சுற்றிவர மலை மலையாகத் தேயிலை விளையும் ஊரில் முப்பத்துநாலு வருசத்துக்கு மேல் குடியிருந்தும், அது எப்படிக் கோப்பைக்கு வருகிறது என்பது அவருக்குத் தெரியாத இரகசியம்.

அடுத்த வாரம் முழுக்க இரண்டு விண்ணப்பம் தயாரானது. அவருடையது நாற்பத்திரண்டு கடதாசியுடன் கொழுத்தது. மனைவியின் கடதாசிக் கோவையில் ஒரே ஒரு படிவம். வெட்டப்படும் பாதி எது என்று விசா அதிகாரி குழம்பக்கூடாது என்பதில் கவனமாக இருந்தார். பதினெட்டாம் கேள்விதான் முக்கியம்: திரும்பி வருவதற்கு உமது நாட்டில் உமக்குள்ள பிணைப்புகள் எவை? தன்னுடையதில் பதினேழு எழுதினார். வீடு, பென்சன், கோயில் சபை, வாசகசாலை அங்கத்துவம், காய்க்கும் பலா ஒன்று, காய்க்காதது ஒன்று என்று போயிற்று. மனைவியின் படிவத்தில் அந்த இடத்தை வெறுமையாக விட்டார்.

"இதிலை ஒண்டும் எழுதேல்லையே?" என்றாள் தவமணி.

"அது உமக்குத் தேவையில்லை. பென்சில் புள்ளடி போட்ட இடத்திலை கையெழுத்தை வையும்."

தவமணி வைத்தாள். பேனையை மட்டும் திருப்பித் தரவில்லை. பிறகு அலுமாரிக்கு மேலே இருந்த அவருடைய சூட்கேசைத் தூசு தட்ட இறக்கினாள்.

"இஞ்சாருங்கோ. மூண்டு மாசத்துக்குப் போறவருக்குக் கலியாண சேட்டிபிக்கற் என்னத்துக்கு?"

"பூச்சி அரிக்கும் எண்டு வைச்சனான்."

"காணி உறுதிப் பத்திரம்?"

"அதுக்கும் பூச்சி."

"உங்கடை அம்மான்ரை படம்?"

நவரட்ணராஜாவுக்குப் பூச்சிகள் தீர்ந்துவிட்டன. தவமணி படத்தைத் திரும்ப வைத்துச் சூட்கேசை மூடினாள். அன்று பின்னேரமே சரக்கு வறுக்கத் தொடங்கினாள். மல்லியும் மிளகும் மணக்க, மனைவி வழிக்கு வந்துவிட்டாள் என்று அவர் மகிழ்ந்தார்.

கொழும்பில் விசாக் கந்தோர் யன்னலுக்கு இருவரையும் சேர்த்தே கூப்பிட்டார்கள். வெள்ளைக்கார அதிகாரி அந்தப் பக்கம். அவருக்குப் பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு தமிழ்ப் பெண். "நீர் வாயைத் திறக்கப்படாது," என்று பஸ்ஸிலேயே எச்சரித்திருந்த நவரட்ணராஜா, தன் கச்சேரி ஆங்கிலத்தை எடுத்துவிட்டார். விதிகளைப் பந்தி இலக்கத்தோடு சொன்னார். அதிகாரிக்கே தெரியாத ஒரு உபவிதியையும் சொன்னார். அதிகாரியின் முகம் போன போக்கு நன்றாக இல்லை.

"பதினேழு பிணைப்பு எழுதியிருக்கிறீர்கள்," என்றார் அதிகாரி. "இதில் உங்கள் மனைவி இல்லையே?"

நவரட்ணராஜா பட்டியலை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தார். பலாமரம் இரண்டும் நினைவுக்கு வந்தன. முப்பது வருசம் கூட வாழ்ந்தவள் வரவில்லை.

"அவவும் வாறபடியால்..."

"இருவரும் வந்துவிட்டால் யாரிடம் திரும்புவீர்கள்?"

"பலாமரம் இருக்கு," என்றார். சொன்ன பிறகு அவருக்கே அழுகை வந்தது.

அதிகாரி தவமணியின் மெல்லிய கோவையைத் திறந்தார். நவரட்ணராஜா எட்டிப் பார்த்தார். வெறுமையாக விட்ட இடத்தில் தவமணியின் முத்து முத்தான எழுத்து: 'என் கணவர்.' பக்கத்தில் திரும்பி வரும் திகதி.

"உங்கள் கணவரும் விண்ணப்பித்திருக்கிறாரே அம்மா?" என்று அதிகாரி கேட்டதை அந்தப் பெண் தமிழில் சொன்னாள்.

"ஓம். ஆனால் அவருக்குக் குடாதேங்கோ, பிள்ளை. குடுத்தால் அவர் வரமாட்டார். இவர் இஞ்சை இருந்தால் நான் கட்டாயம் வருவன். இவருக்குத் தேத்தண்ணி போடத் தெரியாது, இரவிலை தனியப் படுக்கத் தெரியாது. எப்பிடி விட்டிட்டு நிக்கிறது?"

அந்தப் பெண் சொல்லி முடிக்க முன்னரே அதிகாரி சிரித்தார். முத்திரை விழுந்தது. இரண்டு கேட்டால் ஒன்று என்ற நவரட்ணராஜாவின் வேதம் அச்சொட்டாகப் பலித்தது. ஆள்தான் மாறிவிட்டது.

திரும்பும் பஸ் மாவனல்லையைத் தாண்டியது. நவரட்ணராஜா வெடித்தார்.

"காட்டிக் குடுத்திட்டீர்."

"நீங்கள் அங்கை நிண்டால், என்னைக் கூப்பிட எத்தினை வருசம்?"

"எப்பிடியாவது..."

"எப்பிடி?"

அவர் வெளியே பார்த்தார். தவமணியின் குரல் தணிந்தது.

"லொறிச் சத்தம் எனக்கும் கேக்கிறதுதான். நீங்கள் எழும்பிக் குந்தியிருப்பியள். நான் நித்திரை மாதிரிக் கிடப்பன், அவ்வளவுதான் வித்தியாசம். அந்தச் சத்தத்தை எத்தினை வருசத்துக்கு நான் தனியக் கேக்கிறது?"

நவரட்ணராஜாவிடம் நாற்பத்திரண்டு கடதாசி இருந்தது. இதற்குப் பதில் ஒன்றிலும் இல்லை. வெட்கமாக இருந்தது.

"அப்ப எனக்கு மூண்டு மாசம்?" என்றார் மெல்ல.

"மூண்டே மூண்டு மாசம். திகதி போட்டல்லோ எழுதிக் குடுத்திருக்கிறன். மக்கீன் நானான்ரை மனிசி சித்தி றலியா சாப்பாடு அனுப்புவா. நானா இரவிலை வந்து படுப்பார். எல்லாம் கதைச்சுப் போட்டன்."

"எப்ப?"

"நீங்கள் பலாமரம் எண்ணிக்கொண்டிருக்கேக்கை."

பேராதனையில் பஸ்ஸை மறித்தார்கள். துவக்கோடு ஏறிய சிப்பாய் இவர்களிடம் வந்து நின்று, "கொஹெத யன்னே?" என்றான் சிங்களத்தில். எங்கே போகிறீர்கள் என்பதுதான் கேள்வி. நவரட்ணராஜா முழுக் கோவையையும் நீட்டினார். வாசகசாலை அங்கத்துவம் மேலே இருந்தது. சிப்பாய் விழித்தான்.

"கெதர," என்றாள் தவமணி. வீட்டுக்கு.

சிப்பாய் போய்விட்டான். அன்று முழுக்க நவரட்ணராஜா கேட்ட பதில்களில் ஒரே சொல்லில் முடிந்தது அதுதான்.

வீட்டு வாசலில் மக்கீன் காத்திருந்தார். தவமணி நேரே குளிக்கப் போய்விட்டாள்.

"என்ன சேர், ரெண்டு கேட்டா ஒண்டு நிச்சயம் எண்டு சொன்னீங்களே. தந்தாங்களா?"

"தந்தவங்கள்."

"அல்ஹம்துலில்லாஹ்! அப்ப இனி என்ன குறை?"

நவரட்ணராஜா குசினிப் பக்கம் ஒருமுறை பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மக்கீன், ஒரு உதவி. எங்கடை தேயிலைத் தகரப் பேணி எங்கை இருக்கெண்டு உங்கடை மனிசியைக் கேட்டுச் சொல்லும்."