ரெண்டாயிரம் டாலரும் ஒரு வாட்டர் பிளாஸ்டரும்

சனிக்கிழமை எனக்கு ஒரு சின்ன வேலை. பிளாக்ஹவுஸ் பே போய் ஒரு வாட்டர் பிளாஸ்டரை வாடகைக்கு எடுக்கணும், மறுநாள் திருப்பிக் குடுக்கணும். அவ்வளவுதான்.

தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். தண்ணியைப் பீய்ச்சி அடிச்சு பாசி கழுவுற மெஷின் அது. ஆக்லாந்து மழையில எல்லார் வீட்டு டிரைவ்வேயும் பச்சைப்பசேல்னு இருக்கும், வழுக்கி விழாம கார்ல ஏறுறதே பெரிய விஷயம்.

ஆனா எனக்கு மெஷின் தேவையே இல்ல. நான் போனது உளவு பார்க்க!

அந்த வருஷம் நான் முதலீட்டாளர் ஆகியிருந்தேன். பென்ரோஸ்ல ஒரு வேர்ஹவுஸ்ல பேலட் எண்ணுறவன்தான், அதுக்கென்ன? அப்பத்தான் இங்க கிரவுட்ஃபண்டிங் சைட்டெல்லாம் வந்திருந்துச்சு. புதுசா ஆரம்பிக்கிற கம்பெனியில நம்மள மாதிரி ஆளும் ஆன்லைன்ல கொஞ்சம் பணம் போட்டு பங்கு வாங்கலாம். நான் நாலு கட்டுரை படிச்சேன், ரெண்டு வீடியோ பார்த்தேன். அடுத்த வாரமே டீ பிரேக்ல எல்லாருக்கும் ஆலோசனை சொல்ல ஆரம்பிச்சிட்டேன்.

என் கண்ணுல பட்டது ஒரு ஆப். வீட்ல சும்மா கிடக்குற ஏணி, டிரெய்லர், புல் வெட்டுற மெஷின், இதையெல்லாம் அக்கம்பக்கத்துல இருக்கிறவங்களுக்கு வாடகைக்கு விடலாம். வாடகையில ஒரு பங்கு கம்பெனிக்குப் போகும். எமிலின்னு ஒரு பொண்ணு ஆரம்பிச்சது. பணம் போட கடைசி நேரம், அந்தச் சனிக்கிழமை சாயந்திரம் அஞ்சு மணி.

என் கையில ரெண்டாயிரம் டாலர் இருந்துச்சு. அது வீட்டைச் சூடாக்குற ஹீட் பம்ப் மாட்டுறதுக்கு ஒதுக்கி வெச்ச பணம். இங்க ஜூலைதான் கடுங்குளிர், அப்போ எங்க வீட்டு ஹால்ல உக்காந்து பேசினா வாயில இருந்து புகை வரும்.

என் மனைவி கவிதா ரொம்ப நியாயமா ஒரு கண்டிஷன் போட்டா.

"நேர்ல போய்ப் பாருங்க. ஜனங்க நெஜமாவே காசு குடுத்து எடுக்குறாங்கன்னா போடுங்க. இல்லேன்னா திங்கக்கிழமை ஹீட் பம்ப்காரருக்கு நான் ஓகே சொல்லிடுவேன்."

"அதுக்குப் பேர் டியூ டிலிஜென்ஸ்," அப்படின்னேன்.

"பேர் என்னவோ இருக்கட்டும். போய்ப் பாத்துட்டு வாங்க."

அந்த ஆப்புல ஆக்லாந்துலேயே அதிகமா புக்கிங் ஆன சாமான் இந்த வாட்டர் பிளாஸ்டர்தான். அந்த ஓனரைப் பிடிச்சாப் போதும், கஸ்டமர் மாதிரி நடிச்சு எல்லாத்தையும் கறந்துடலாம்னு திட்டம். பன்னெண்டு கேள்வி எழுதி வெச்சேன். சட்டையை இஸ்திரி போட்டேன். மத்தியானம் ஒரு மணிக்கு புக் பண்ணிட்டுக் கிளம்பினேன்.

கதவு திறந்துச்சு. அம்பது வயசு இருக்கும், ஒரு அக்கா. முகமெல்லாம் சிரிப்பு.

"செந்தில்குமார் தம்பியோ? வாங்கோ, வாங்கோ! நான் ரஞ்சி."

யாழ்ப்பாணத் தமிழ்! என் கஸ்டமர் வேஷம் வாசப்படியிலேயே கலைஞ்சு போச்சு, நான் 'தம்பி' ஆயிட்டேன்.

"வாடகை ஆப்புலயே கட் ஆயிடும்ல அக்கா?" எனக்குள்ள இருந்த முதலீட்டாளர் முதல் கேள்வியை வீசினார்.

"அந்த வாடகையை நான் அப்பவே கேன்சல் பண்ணிட்டன். பேரைப் பாத்த உடன."

"ஏன்க்கா?"

"எங்கட ஆக்களிட்ட காசு வாங்கிறதோ? நல்ல கதை! சும்மா கொண்டு போங்கோ."

"அப்போ மத்தவங்க எல்லாம்? நிறைய பேர் புக் பண்ணியிருக்காங்களே?"

"ஓம், நிறையப் பேர். கோயில் ஆக்கள், சேர்ச் ஆக்கள், மலேசியாத் தமிழாக்கள் கொஞ்சப் பேர். எல்லாம் எங்கட ஆக்கள்தானே."

"வெள்ளைக்காரங்க யாருமே வரலையா?"

"ஒருக்கா ஒருத்தர் வந்தவர். பாவம், நல்ல மனுசன். அவரிட்டையும் வாங்கேல்லை."

பாருங்க, மிச்சம் பதினோரு கேள்வி தேவையே இல்ல. ஆக்லாந்துலேயே அதிகமா புக்கிங் ஆன சாமானுக்கு வசூல் பூஜ்யம். புத்தியுள்ளவன் அங்கேயே நன்றி சொல்லிட்டுக் காரைக் கிளப்பியிருப்பான்.

ஆனா காசு வாங்காம சாமான் குடுத்தவங்ககிட்ட இருந்து சட்டுனு எப்படிக் கிளம்புறது? நம்ம வளர்ப்பு அப்படி. ஒரு பேச்சுக்காவது ஏதாவது சொல்லணுமே! கீழ பார்த்தேன், அவங்க டிரைவ்வேயே பாசி பிடிச்சுக் கிடந்துச்சு.

"அக்கா, வேணும்னா இதை நான் கழுவிக் குடுத்துட்டுப் போகட்டுமா?"

இதுக்கு 'ஐயோ வேண்டாம்'னு பதில் வரணும். அதுதானே முறை?

"ஓம் தம்பி, நல்லாயிருக்கும். பின்பக்கமும் கொஞ்சம் கிடக்கு."

கொஞ்சமா அது! பின்னாடி முழுசா சிமெண்ட் போட்ட முற்றம், அது போதாதுன்னு மரப்பலகையில ஒரு டெக். எனக்கு அந்த மெஷினைப் பிடிக்கவே தெரியாது. டிரிகரை அழுத்தினேன், அது என்னைப் பின்னால தள்ளுச்சு. முதல் அஞ்சு நிமிஷத்துல வேலிக்கு அந்தப் பக்கம் காய்ஞ்சிட்டிருந்த யார் வீட்டுத் துணியோ நனைஞ்சுது. அப்புறம் தண்ணி செவுத்துல பட்டுத் திரும்பி என் மேலயே வந்துச்சு, பாசியோட. இஸ்திரி போட்ட சட்டை பாலக் கீரை கடைசல் மாதிரி ஆயிடுச்சு.

அக்காவோட புருஷன் சிவா அண்ணன் ஜன்னல் வழியா எட்டிப் பார்த்தார்.

"சரியா கழுவுறேனாண்ணே?"

"ஓம்," அப்படின்னுட்டு கிரிக்கெட் பார்க்கப் போயிட்டார். அன்னைக்கு முழுக்க அந்த மனுஷன் பேசின ஒரே வார்த்தை அதுதான்.

முடிக்கும்போது மணி நாலு தாண்டிடுச்சு. குளிர்ல பல்லு தந்தியடிக்குது. அக்கா பதறிப் போய் சிவா அண்ணனோட சாரம் ஒண்ணும் ஸ்வெட்டரும் கொண்டு வந்து குடுத்தாங்க. லுங்கியைத்தான் அவங்க சாரம்னு சொல்றது. என் பேன்ட் டிரையர்ல சுத்துது. நான் சாரத்தோட அவங்க கிச்சன்ல உக்காந்திருக்கேன், எதிர்ல தேத்தண்ணி, ஒரு தட்டு நிறைய மட்டன் ரோல்ஸ். சத்தியமா சொல்றேன், அவ்வளவு ருசியான ரோல்ஸ் நான் சாப்பிட்டதே இல்ல.

மேஜையில ஒரு லேப்டாப் திறந்திருந்துச்சு. எனக்கு நல்லாத் தெரிஞ்ச கிரவுட்ஃபண்டிங் பக்கம்.

"அக்கா, நீங்களும் இதுல பணம் போட்டிருக்கீங்களா?"

"நாலாயிரம் போட்டனான்."

"அப்புறம் ஏன்க்கா வாடகையை வேண்டாம்னீங்க? வாடகை வந்தாத்தானே கம்பெனி ஓடும்?"

"அது எனக்குத் தெரியாதோ? எங்களால கம்பெனிக்கு நட்டம் வரக்கூடாதெண்டுதானே தம்பி நாலாயிரம் போட்டனான்!"

நான் ரோல்ஸைக் கீழ வெச்சேன். திரும்ப ரோல்ஸை எடுத்துக்கிட்டேன்.

"அந்தப் பிள்ளை எமிலி இங்க வந்துதான் எனக்கு இந்த ஆப்பெல்லாம் காட்டித் தந்தவ. என்ர தோசை எண்டா அவவுக்கு உயிர். இப்ப பாருங்கோ, கேட்ட தொகை சேரேல்லை. இன்னும் ஆயிரத்துச் சொச்சம் குறையுது. அஞ்சு மணிக்குள்ள சேராட்டி எல்லாற்ற காசையும் திருப்பி அனுப்பிடுவினமாம். அவ்வளவுதான், முடிஞ்சுது."

மணி நாலு நாப்பது.

"நான் உங்களைக் கேக்கேல்லைத் தம்பி. சும்மா கதைக்கிறன்."

சொல்லிக்கிட்டே என் தட்டுல இன்னொரு ரோல்ஸ் வெச்சாங்க. கண்ணு கலங்கியிருந்துச்சு. நடிப்பெல்லாம் இல்ல, நெஜமாவே.

நண்பர்களே, நீங்களே சொல்லுங்க. ஒருத்தர் வீட்டு உப்பைத் தின்னு, ஒருத்தர் சாரத்தைக் கட்டிக்கிட்டு, 'உங்க கம்பெனி தேறாதுக்கா'ன்னு சொல்ல உங்களுக்கு வாய் வருமா? எனக்கு வரல. ஆதாரம் அத்தனையும் என் கண்ணு முன்னாடி இருக்கு. கவிதா போட்ட கண்டிஷன் காதுல கேக்குது. ஹீட் பம்ப் மனசுல வந்து போகுது. இருந்தும் என் கை போனை எடுத்துச்சு.

நாலு அம்பத்திரெண்டுக்கு ரெண்டாயிரம் போட்டேன். ஸ்கிரீன்ல 'வெற்றி'ன்னு கலர் கலரா காகிதம் பறந்துச்சு. அக்கா கை தட்டினாங்க, கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க. ஒரு டப்பா ரோல்ஸ் கட்டிக் குடுத்தாங்க. ஹால்ல இருந்து சிவா அண்ணன், "ஓம்!"

வீட்டுக்கு வந்தேன். கவிதா கதவைத் திறந்தா. என்னைப் பார்த்தா, பார்த்துக்கிட்டே நின்னா. டிரையர் முடியல, அதனால நான் இன்னும் சாரத்துலதான் இருந்தேன்.

"ஜனங்க காசு குடுத்து எடுக்குறாங்களா?"

"ஜனங்க எடுக்குறாங்க."

"காசு?"

"ரோல்ஸ் சாப்பிடுறியா?"

மூணு நாள் என்கிட்ட பேசல. ரோல்ஸ் மட்டும் காலியாச்சு.

பத்து மாசம் கழிச்சு ஒரு மெயில் வந்துச்சு. கம்பெனியை மூடுறாங்களாம். ஆதரவுக்கு நன்றின்னு எமிலி பாவம் ரொம்ப உருக்கமா எழுதியிருந்தா. போட்ட பணம் திரும்பாது. அது அடுத்த ஜூலை. நான் ரெண்டு ஸ்வெட்டருக்கு மேல ஒரு ஜாக்கெட் போட்டுக்கிட்டு சோபாவுல உக்காந்து படிச்சேன். கவிதா போர்வைக்குள்ள இருந்து கேட்டா.

"சரி, விடுங்க. ஒரு சந்தேகம். அன்னைக்கு அந்தத் தொகை சேரலேன்னா என்ன ஆயிருக்கும்?"

"எல்லாருக்கும் பணத்தைத் திருப்பிக் குடுத்திருப்பாங்க."

"அந்த ரஞ்சி அக்காவுக்கும்?"

"அவங்களுக்கும்."

"நாலாயிரமும்?"

நான் ஜாக்கெட் ஜிப்பைக் கழுத்து வரைக்கும் இழுத்து விட்டேன்.

"கடைசியா அந்தத் தொகையைச் சேர்த்தது யாரு?"

ஹீட் பம்ப் இல்லாத வீடு, நடு ஜூலை. எனக்கு வேர்த்துக் கொட்டுச்சு.