தடிக்கு ஆகாத உடம்பு

கோயம்புத்தூரில் நாலாவது மாடியில் குடியிருக்கும் என் அருமை மகள் யோகேஸ்வரிக்கு, இராஜபாளையத்தில் தரையில் குடியிருக்கும் உன் அப்பன் இருளப்பசாமி ஆசீர்வதித்துச் சொல்வது. இங்கு உன் அம்மா நலம், ஆடு இரண்டும் நலம். நான் முக்கால்வாசி நலம். மீதிக் கால்வாசியைத்தான் நீ குறைத்துவிட்டாயே. நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவர் பாத்திரக்கடை பீர் மைதீன். போனில் பேசினால் "சரிப்பா, வச்சிரட்டுமா" என்று பாதியில் வெட்டிவிடுகிறாய். கடிதத்தை வெட்ட முடியாதல்லவா?

விஷயம் ஒன்றுதான். முட்டு தேய்ந்துவிட்டது, எடையைக் குறைக்காவிட்டால் ஆபரேஷன், ஆபரேஷன் என்றால் அப்புறம் உன் நாலாவது மாடியில்தான் வாசம் என்று நீயும் டாக்டரும் சேர்ந்து போட்டீர்களே ஒரு சட்டம், அதை ரத்து செய்ய வேண்டும். அடுத்த பங்குனித் தேருக்குள் என் பழைய உடம்பு எனக்கு வந்தாக வேண்டும்.

விடியற்காலையில் நட என்றாய். நடந்தேன். சத்திரப்பட்டி ரோட்டில் பேண்டேஜ் துணி காயப்போடுகிற பொட்டல் ஓரமாகப் போகும்போது ஒரு வெள்ளை நாய் என் தொடையைப் பார்த்த பார்வை சரியில்லை. ஓடினேன். காய்ந்துகொண்டிருந்த துணி காலில் சிக்கி, உருண்டு, எழுந்து பார்த்தால் கழுத்திலிருந்து கணுக்கால் வரைக்கும் கட்டு. காயம் இல்லாமலே கட்டுப் போட்டவன் இந்த ஊரில் நான் ஒருவன்தான். அப்படியே வீடு வந்து சேருமுன் இருளப்பனை லாரி அடித்துவிட்டது என்று செய்தி போய், உன் அம்மா மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரியைத் தொடங்கிவிட்டாள். "ஏட்டி ஆவுடை, நான் உசுரோடதான் இருக்கேன்" என்றால், "செத்த பொறுங்க, இந்த அடிய முடிச்சிக்கிடுதேன்" என்கிறாள்.

சாப்பாடு என்றால் கொள்ளு. கொள்ளுக் கஞ்சி, கொள்ளு ரசம், கொள்ளுத் துவையல். வயிறு முழுக்க வாயு. எனக்குப் பின்னால் நடந்து வந்தவர்கள் எல்லாம் இப்போது முன்னால் நடக்கிறார்கள். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனால், பால்கோவாக் கடை என் கண்ணில் படாமலிருக்க பஸ்ஸில் அந்தப் பக்கத்து ஜன்னலை உன் அம்மா அடைத்துக்கொண்டு உட்காருகிறாள். நீ மட்டும் யோக்கியமா? அஞ்சாம் வகுப்பு முழுப்பரீட்சை லீவில் ஒரு தூக்குச்சட்டிப் பால்கோவாவை ஒற்றையாளாகத் தின்றுவிட்டுப் பூனை மேல் பழி போட்டாய். பூனை கறுப்பு. உன் வாயோரம் வெள்ளை. எழுதத்தான் தெரியாது எனக்கு, மறக்கவும் தெரியாது.

கடைசியில் மெலிந்துதான் போனேன். மெலிந்தவனைப் பார்த்து எவன் நல்லாயிருக்கீரே என்றான்? வருகிறவன் எல்லாம் ஆரஞ்சுப் பழத்தோடு வருகிறான். உன் தாய்மாமன் வந்து கட்டிலோரம் உட்கார்ந்து, "எழுதி வைக்க வேண்டியத எழுதி வச்சிருங்க மச்சான்" என்கிறான். யாரிடம்? எழுதத் தெரியாதவனிடம்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன் தாயி. தேர் விஷயத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. நம் தெரு மாரியம்மன் தேர் லேசில் கிளம்பாது. பின் சக்கரத்துக்கு அடியில் நீளத் தடியைக் கொடுத்து, அதன்மேல் ஆட்கள் ஏறிக் குதித்தால்தான் சக்கரம் அசையும். அந்தத் தடியின் நுனி என் அப்பனுக்குப் பின் என் இடம். நாற்பது வருடம். ஆத்தாள் அருளால் தேர் நகர்கிறது என்று மைக்கில் சொல்வார்கள். யாருடைய பாரத்தால் நகர்கிறது என்று ஆத்தாளுக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

இந்த வருடமும் ஏறிக் குதித்தேன். சக்கரம் அசையவில்லை. மறுபடி குதித்தேன். அசையவில்லை. சக்கரத்துப் பக்கத்தில் சிவப்புத் துண்டோடு நின்றவன் உன் பெரியப்பா மகன் பால்ச்சாமி. அவன் துண்டை வீசினால்தான் முன்னால் வடத்தை இழுப்பார்கள். அவன் சொல்கிறான், "சித்தப்பா, எறங்குங்க. காக்கா வந்து உக்காந்த மாதிரி இருக்கு." நான் தோளில் தூக்கித் திரிந்த பயல்! அன்றைக்கு என் சட்டையை எத்தனை தரம் நனைத்தான் என்று அவனுக்குத் தெரியுமா?

"செத்த இரு, வாரேன்" என்று எதிரே இருக்கிற மைதீன் கடைக்குள் புகுந்தேன். மிஷின் தராசு வந்த பிறகு சும்மா கிடந்த அஞ்சு கிலோ எடைக்கல் இரண்டை எடுத்து, வேட்டிக்குள் போட்டிருந்த பட்டாபட்டி டவுசரின் இரண்டு பாக்கெட்டிலும் போட்டுக்கொண்டேன்.

"அண்ணாச்சி, நாடா தாங்குமா?" என்றார் மைதீன்.

"கட்டுனது நான்லா. தாங்கும்" என்றேன்.

(இதை எழுதும்போது மைதீன் சிரிக்கிறார். சிரிப்பை எழுத வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.)

குதித்தேன். நான் மேலே போனேன், டவுசர் கீழே போனது. வேட்டி இருந்ததால் மானம் தப்பியது. ஆனால் எடைக்கல் ஒன்று நேரே பால்ச்சாமியின் கால் பெருவிரலில் விழுந்தது. அவன் ஒற்றைக் காலில் நொண்டியாட, கையில் இருந்த துண்டும் கூடவே ஆட, இழுக்கச் சொல்கிறான் என்று முன்னால் நின்ற அம்புட்டுப் பேரும் ஒரே மூச்சில் இழுத்துவிட்டார்கள். தேர் முக்கு வரைக்கும் நிற்கவே இல்லை. பெண்கள் குலவை போட்டார்கள். ஆத்தாளுக்கா, என் டவுசருக்கா என்று விளங்கவில்லை.

முக்கில் தேர் நின்றதும், விரலில் கட்டோடு பால்ச்சாமி வந்தான். "இனிமே தடிப்பக்கம் வராதிய சித்தப்பா. முன்னால போயி பொம்பளையாளுகளோட வடத்தப் பிடிங்க" என்றான். ஊர் பார்க்க, கொட்டுக்காரன் பார்க்க! நேரே வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டேன்.

ஆகையால் இதைக் கண்டவுடன் உன் அம்மாவுக்குப் போன் போட்டு, அப்பா பழையபடி சாப்பிடட்டும் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடு. மாப்பிள்ளைக்கு என் வணக்கம். அவருக்கும் தொப்பை விழுந்திருப்பதாகக் கேள்வி. உன் கண்ணில் படாமல் அதை ஆத்தாள்தான் காப்பாற்ற வேண்டும். பேரப்பிள்ளைகள் கன்னம் உப்ப வளரட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பன் இருளப்பசாமியின் கைநாட்டு
(ரேகைகூட மெலிந்துவிட்டது என்கிறார் மைதீன்.)

பின்குறிப்பு: மைதீன் கவரை ஒட்டப் போனார், நிறுத்தினேன். நேரே வீட்டுக்கு வந்தேன் என்று சொன்னது பொய். வடத்தைத்தான் பிடித்தேன். நாலு வீதியும் இழுத்து, தேர் நிலைக்கு வந்த பிறகுதான் கையை விட்டேன். முட்டு ஒரு வார்த்தை பேசவில்லை. நாற்பது வருடம் தேருக்குப் பின்னாலேயே கிடந்தவன், ஆத்தாள் வீதியில் வரும்போது அவள் முகத்தைப் பார்த்ததே கிடையாது. வடத்தைப் பிடித்தபடி திரும்பித் திரும்பிப் பார்த்தேன். நன்றாக வாட்டசாட்டமாகத்தான் இருக்கிறாள். அவளை எந்த டாக்டரும் குறைக்கச் சொல்லவில்லை போல. உன் அம்மாவுக்குப் போன் போட வேண்டாம். பால்ச்சாமியிடமும் மூச்சு விடாதே. வீட்டில் கொள்ளு தீரப்போகிறது, நல்லதாகப் பார்த்து அனுப்பிவை. அடுத்த பங்குனிக்கும் வடத்தில் முன்வரிசை எனக்கு வேண்டும். எனக்குப் பின்னால் பிடிக்கிறவர்கள் பாடுதான் கொஞ்சம் சங்கடம்.