எலிக்கு மாத்திரை, அப்பாவுக்கு ஊசி

ஜங்லிகாட்,
போர்ட் பிளேர்.

சென்னை ஆய்வுக்கூடத்து வெள்ளெலிகளுக்குத் தினமும் விருந்து வைக்கும் என் அக்கா ஷீபாவுக்கு, தம்பி டெர்வின் இரண்டு கைகளையும் கட்டிக்கொண்டு (எழுதுவதற்காக ஒன்றை மட்டும் எடுத்துவிட்டு) வணக்கமாக எழுதுவது. இங்கே அம்மா சுகம், நான் சுகம், அப்பாவின் சர்க்கரையும் இறங்கிச் சுகமாக இருக்கிறது. அது எப்படி இறங்கியது என்பதுதான் என் குற்றப்பத்திரிகை. போனில் சொல்ல வழியில்லை. நீ கூப்பிட்டாலே அப்பா ஸ்பீக்கரைப் போட்டுத் தெருவுக்கே கேட்க வைக்கிறார்.

ஈஸ்டருக்கு வந்தபோது நீ வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இன்சுலின் ஒரு பெப்டைடு, விழுங்கினால் வயிறு அதை மீன் துண்டு மாதிரி செரித்துவிடும், அதனால்தான் ஊசி, நாங்கள் அதை நானோ துகளுக்குள் பொதிந்து வாய்வழியே ரத்தத்துக்கு அனுப்பப் பார்க்கிறோம், இப்போதைக்கு எலிகளுக்குத்தான் என்றாய். 'எலிகளுக்குத்தான்' வருவதற்குள் அப்பா எழுந்து போய்விட்டார். மறுநாளிலிருந்து அவரிடம் போட் இன்ஜின் ரிப்பேருக்கு வந்தவர்களெல்லாம் பாடம் கேட்டுவிட்டுத்தான் போனார்கள். "மெயின்லேண்டுல இருந்து மாம்பழம் அனுப்புனா மூணு நாள் கப்பல்ல நசுங்கிக் கூழாத்தான வருது? எம் மவ ஒவ்வொரு பழத்துக்கும் ஒரு பெட்டி செய்யிறா. தூசியவிடச் சின்னப் பெட்டி. சமஜ் கயா?" தமிழே தெரியாத வங்காளி மீனவர்கூட அந்தக் கடைசி இரண்டு இந்தி வார்த்தைக்குத் தலையாட்டினார்.

பெருமை அதோடு நின்றிருக்கலாம். ஜூலையில் ஊசியையே நிறுத்திவிட்டார். "மாத்திரை செய்யிறவளோட அப்பன் வயித்துல குத்திக்கிட்டு நின்னா அவளுக்குல்லா அசிங்கம்!" "அவ எலிக்குத்தான குடுக்கா?" என்று அம்மா கத்தினாள். "எலிக்குக் குடுக்கவ அப்பனுக்குக் குடுக்க மாட்டாளா? எலியா அவளப் படிக்க வச்சிச்சு?" சர்க்கரை முந்நூற்றைம்பதுக்குப் போனது. கால் விரல் புண் ஆறவே இல்லை. உனக்குத் தெரிந்தால் படிப்பைப் போட்டுவிட்டு ஓடிவருவாய் என்று அம்மா என் வாயைத் தைத்துவிட்டாள். கையைத் தைக்கவில்லை.

ஆகவே உன் பெயரில் நான் அப்பாவுக்கு ஒரு கடிதம் எழுதினேன். மாத்திரையை மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்க ஆள் எடுக்கிறோம், மூன்று மாதம் தவறாமல் ஊசி போட்டு நோட்டில் குறித்தவர்களுக்கே இடம், போனில் இதைப் பேசினால் பெயர் நீக்கப்படும் என்று மொத்தம் ஆறு நிபந்தனைகள். கை சும்மா இருக்காமல் ஏழாவதும் போட்டது: கோபம் சர்க்கரையை ஏற்றும், எனவே இளைய மகனைத் திட்டக்கூடாது. சோடா மூடியை மையில் தோய்த்து முத்திரை குத்தி, "சென்னைக் கப்பல்ல வந்தவங்க குடுத்தாங்கப்பா" என்று நீட்டினேன். "எந்தக் கப்பல்ல?" என்றார். "நேத்து வந்துச்சே, அதுலதான்." முத்திரையை விரலால் தடவிப் பார்த்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். மறுநாள் காலையில் ஊசியை எடுத்தார்!

ஒருநாள்கூடத் தவறவில்லை அக்கா. தினமும் ஷாதிபூர் வரை நடை. சர்க்கரை நூற்றைம்பதுக்குள். புண் ஆறிவிட்டது. நான் கணக்கில் பத்து மார்க் வாங்கிய அன்று ஸ்பானரைத் தூக்கியவர், ஏழாவது நிபந்தனை ஞாபகம் வந்து கீழே வைத்தார். இப்போது சிக்கல் என்னவென்றால், வரும் ஞாயிறோடு மூன்று மாதம் முடிகிறது. பெட்டி கட்டிவிட்டார். எதற்கென்று கேட்டால், "எம் மவ கூப்பிட்டிருக்கால்லா" என்று சிரிக்கிறார். அங்கே வந்து மாத்திரை இல்லையென்று தெரிந்தால் மறுபடி ஊசியைத் தூக்கி எறிந்துவிடுவார். என்னைக் காப்பாற்ற வேண்டாம், ஊசியைக் காப்பாற்று. தேதி தள்ளிப்போயிருக்கிறது என்று ஒரு பொய் சொல். பழக்கமில்லையென்றால் மாதிரி எழுதி அனுப்புகிறேன்.

மாதா உன்னையும், நீ உன் எலிகளையும் காப்பீர்களாக.

கம்பி நீட்டத் தயாராக இருக்கும் தம்பி,
டெர்வின்

பி.கு.: உறையை ஒட்டுமுன் அப்பா எடுத்துப் படித்துவிட்டார். "ஏல, அந்த வாரம் சென்னைக் கப்பல் எங்க வந்துச்சு? இன்ஜின் கோளாறுன்னு அங்கயே கட்டிக் கெடந்துச்சு. ஹார்பர்ல பொழைக்கிறவன்ட்டயா கப்பல் விடுத?" பிறகு ஏன் ஊசி போட்டீர்கள் என்றேன். "ஒருத்தி மருந்து செய்யிறா, ஒருத்தன் முத்திரை செய்யிறான். ரெண்டும் எனக்காவத்தான? நான் ஒரு ஊசி போடக்கூடாதா?" சோடா மூடி முத்திரையை ஹார்பர் முழுக்கக் காட்டி, "எம் மவன் வேல" என்று பீற்றிக்கொண்டிருக்கிறாராம். மாத்திரை வரும்போது வரட்டும், உன்னை அவசரப்படுத்த வேண்டாம், அதுவரை ஊசி உண்டு, சென்னைக்கு வருவது எலிகளைப் பார்க்கத்தான் என்று எழுதச் சொல்கிறார். ஆறு நிபந்தனைகளும் அப்படியே தொடருமாம். ஏழாவது மட்டும் இந்த நிமிடத்திலிருந்து ரத்து. ஸ்பானர் இப்போது அவர் கையில் இருக்—