கண்ணில் ஒற்றிய சீட்டு

சாமி கும்பிடுகிறவன் சீட்டு ஆடக்கூடாது. பாவம் என்பதற்காகச் சொல்லவில்லை. தோற்றுவிடுவான்.

எனக்குக் கல்யாணமான முதல் ஆடி. வழக்கப்படி என் மனைவி மல்லிகாவைச் சின்னாளப்பட்டிக்கு அழைத்துப் போய்விட்டார்கள். நான் குஜிலியம்பாறையில் என் பலசரக்குக் கடையில் உட்கார்ந்து, துவரம்பருப்பு கேட்டவருக்கு உளுந்து நிறுத்துக்கொண்டிருந்தேன். (எப்படிப் பொறுத்தேன் என்று பழநியாண்டவருக்குத்தான் தெரியும்.) முடியாமல் ஒருநாள் மாமியார் வீட்டுக்கே போய், "ஆடிக் கிருத்திகைக்கு மல்லிகாவைப் பழநிக்குக் கூட்டிட்டுப் போயிட்டு, சாயங்காலமே கொண்டாந்து விட்டுர்றேன்" என்றேன். சாமி பேரைச் சொன்னால் யார் தடுப்பார்கள்?

மச்சான் தடுத்தார். மல்லிகாவின் அண்ணன். கப்பலில் சமையல் வேலை, லீவில் வந்திருந்தார்.

"ஏன் மாப்ள, சாமியப் பாக்கவா, இவளப் பாக்கவா?" என்று சிரித்துவிட்டுச் சீட்டுக்கட்டை எடுத்தார். "கப்பல்ல ஒரு ஆட்டம் கத்துக்கிட்டேன். ஜெயிச்சா ரெண்டு பேரும் போயிட்டு வாங்க. தோத்தா நானும் கூட வருவேன்."

ரம்மி மட்டும் தெரிந்த எனக்கு அது தலைகீழ் ஆட்டம். ஆளுக்கு ஏழு சீட்டு. மூன்று கவிழ்ந்திருக்கும், நாலு எல்லோரும் பார்க்கத் திறந்திருக்கும். அதில் இருப்பதிலேயே சின்னதாக அஞ்சு சீட்டு சேர்ப்பவனுக்கு வெற்றி. ஆஸ்தான் ரொம்பச் சின்னது, அதனால் அதுதான் உசத்தி. ராஜா ராணி வந்தால் துக்கம். ஜோடி சேர்ந்தாலும் துக்கம். பந்தயத்துக்கு வறுத்த கடலை.

யுத்தியையும் மச்சானே சொல்லிக்கொடுத்தார். "முதல் மூணும் எட்டுக்குக் கீழ இல்லேன்னா சீட்டக் கவுத்து ஒதுங்கிருங்க, வச்ச கடலையோட போயிரும். எங்கிட்டத் தெறந்து கெடக்கிறதையும் பாருங்க. உங்களுக்கு வேண்டியது இங்க கெடந்தா அங்க எப்படி வரும்?"

அப்படியே ஆடினேன். ஆனால் எனக்கு நல்ல சீட்டு விழுந்தபோதெல்லாம் அவர் ஒன்றிரண்டு கடலையோடு கவிழ்த்துவிட்டார். மோசமாக விழுந்தால் அள்ளி அள்ளி வைத்தார். மந்திரம் ஏதும் தெரியுமோ என்று நினைத்தேன்.

காபி கொடுக்கிற சாக்கில் மல்லிகா காதைக் கடித்தாள். "என்னங்க, நல்ல சீட்டு வந்தா எடுத்துக் கண்ணுல ஒத்திக்கிறீங்க!"

முதல் போணிக் காசை ஒற்றிப் பழகிய கை. எனக்கே தெரியவில்லை.

"இனிமே கெட்ட சீட்டையும் ஒத்திக்குங்க. அண்ணே கவுத்திரும்."

கடைசி ஆட்டம். ஆஸ், ரெண்டு, நாலு, அஞ்சு. (எல்லாம் ஒற்றியாயிற்று.) கூடவே இரண்டு ராஜா. இன்னும் ஒரே ஒரு சின்னச் சீட்டு போதும். ஏழாவது சீட்டைத் தூக்கிப் பார்த்தேன். ராணி.

மச்சான் என் கையையே பார்க்கிறார். அடுப்படி வாசலில் மல்லிகா முந்தானையால் கண்ணை ஒற்றி ஒற்றிக் காட்டுகிறாள். "ஏன்டி, கண்ணுல தூசியா?" என்கிறார் மாமியார். ராணியை மூக்கு வரைக்கும் தூக்கிவிட்டேன். அதற்கு மேல் கை போகவில்லை. கீழே வைத்துவிட்டேன்.

மச்சான் கடலையை மொத்தமாக நடுவில் தள்ளினார். கவிழ்த்திருக்க வேண்டியவன், ஆண்டவன் கைவிட மாட்டான் என்று நானும் தள்ளினேன். அவருடைய அஞ்சில் பெரியது பத்து. என்னுடையதில் ராணி. (ஆண்டவனுக்கு அன்றைக்கு வேறு வேலை.)

பழநி பஸ்ஸில் எங்கள் இருவருக்கும் நடுவில் மச்சான். ஆயக்குடியில் வாங்கிய கொய்யாப்பழத்தை மல்லிகா எனக்கு நீட்டினால், பாதி வழியில் அவர் வாய்க்குப் போயிற்று.

"அந்த ராணிய ஒத்தியிருந்தா நான் கவுத்திருப்பேனே. ஏன் மாப்ள விட்டீங்க?"

"சாமிக்குச் செய்யிறத வச்சு எப்படி மச்சான் பொய் சொல்றது?"

அவர் மெல்வதை நிறுத்தினார். மலையடிவாரம் வந்ததும், முதல் படியில் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டார். "கால் வலிக்குது. நீங்க ரெண்டு பேரும் ஏறிட்டு வாங்க." கொஞ்ச தூரம் போனதும் பின்னாலிருந்து குரல் வந்தது. "மெதுவாவே வாங்க!" (கப்பலில் தினமும் ஏணி ஏறுகிற கால்!)

மறு வருஷம் மகள் பிறந்தாள். நர்சம்மா கையில் கொடுத்ததும், என்ன செய்கிறேன் என்று தெரியாமலே அந்தப் பிஞ்சுப் பாதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். ஆஸ்பத்திரி வராந்தா அதிர மச்சான் கத்தினார்: "ஏ மல்லிகா, ஒம் புருசனுக்கு நல்ல சீட்டு விழுந்திருச்சு!"

நாங்கள் வைத்த பேர் வள்ளி. கப்பலிலிருந்து போன் வந்தால் மச்சான் இன்றைக்கும், "மாப்ள, ஆஸ் பக்கத்துல இருக்கா? குடுங்க" என்றுதான் கேட்கிறார்.