தேவதைகளை இறக்கிவிட்ட டிங்கர் அண்ணன்

ஒரு வரிகூடப் புதிதாக எழுதாமல் எட்டு வருடம் எழுத்தாளர் சம்பளம் வாங்கிய மனிதர், எனக்குத் தெரிந்து இந்தப் பூமியில் ஒருவர்தான். அம்பத்தூர் எஸ்டேட்டில், ஒரு லேத் பட்டறைக்கு மேல் மாடியில் இருந்த எங்கள் அலுவலகத்தில் அவருக்கு டிங்கர் அண்ணன் என்று பெயர். நிஜப் பெயர் சம்பளப் பட்டியலுக்கு மட்டும்தான் தெரியும்.

சின்னக் கடைக்காரர்களுக்கு இணையத்தில் வலைப்பூ எழுதிக் கொடுப்பது எங்கள் தொழில். யாராவது போனில் தேடினால் நம் ஆளின் கடை முதல் பக்கத்தில் வர வேண்டும். அதற்காக நாங்கள் நாளைக்கு நாலு கட்டுரை எழுதித் தள்ளுவோம். அண்ணன் மட்டும் ஏதாவது பழைய கட்டுரையைத் திறந்து வைத்துக்கொண்டு, நசுங்கின காருக்குப் பட்டி பார்க்கிறவர் மாதிரி தட்டிக்கொண்டே இருப்பார்.

"எய்தி எய்திக் குப்பையாக் கொட்டிகினு கீறீங்க. கீறத ஒயுங்கு பண்ணு நைனா, தானா மேல ஏறும்" என்பார்.

வாழ்க்கையிலும் அப்படியே. எட்டு வருடமும் ஒரே லீவ் லெட்டர். தேதியையும் வியாதியையும் மட்டும் மாற்றுவார். ஒரு தடவை வியாதியை மாற்ற மறந்து, கோடையில் வந்த அம்மையையே தீபாவளிக்கும் போட்டுவிட்டார். மேனேஜர் ஒரு வாரம் அவர் பக்கமே வரவில்லை. வேலையை விட்டுப் போகிற எல்லாருக்கும் ஒரே பிரிவுபசார உரைதான். அதையே வாட்ச்மேனுக்கும் வாசித்தார். "இவருடைய கணினி அறிவை ஈடுசெய்ய யாருமில்லை" என்ற இடத்தில் வாட்ச்மேன் எழுந்து நின்று கும்பிட்டார்.

ஆவடியில் கல்யாண கவுன் தைக்கிற ஸ்டெல்லா அக்கா எங்கள் வாடிக்கையாளர்களிலேயே மிகச் சின்னக் கடைக்காரர். அவர் கடைக்கு எதிரிலேயே ரெடிமேட் கவுன் கடை ஒன்று, ஆளுயரக் கண்ணாடியும் ஏசியுமாகத் திறந்துவிட்டது.

"தவக்காலம் முடிஞ்சா கல்யாண சீசன் தம்பி. அதுக்குள்ள கடைக்கு ஆள் வரலைன்னா மெஷினை வித்துட்டு எக்ஸ்போர்ட் கம்பெனிக்குப் போயிடறேன்" என்று நேரில் வந்து சொல்லிவிட்டுப் போனார். அவர் அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை. சாதாரணமாகச் சொன்னதுதான் என்னவோ செய்தது.

அவருக்காக இருபத்து மூன்று கட்டுரைகள் எழுதியவன் நான். நான் எழுதியவை என்பதற்காகச் சொல்லவில்லை, அற்புதமான தமிழ். 'தூவெண்மையில் ஒரு விண்ணகத் தேவதை' என்பது ஒரு தலைப்பு. மேனேஜர், "இன்னும் பத்து எழுதுய்யா" என்றார். நான் விரல் சொடுக்குவதற்குள் டிங்கர் அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"நைனா, இதுல கவுன் எங்க கீது?"

"அஞ்சாவது பாராவுல வரும் அண்ணே."

"அதுவரிக்கும்?"

"தேவதைங்க."

"கண்ணாலத்துக்கு நாள் குறிச்சிட்டு, அந்தப் பொண்ணு தேவதையத் தேடுமா, டெய்லரத் தேடுமா?"

நான் ஒரே விஷயத்தை மூன்று கட்டுரைகளில் எழுதியிருந்ததையும் பிடித்துவிட்டார். "மூணும் நம்ம கடை, ஒரே தெருவுல. ஒண்ணோட கஸ்டமர இன்னொண்ணு இஸ்துகினு கீது பாரு" என்று மூன்றையும் ஒன்றாக்கினார். மற்ற இரண்டின் பழைய முகவரிக்கு வருகிறவர்களையும் அங்கேயே திருப்பிவிட்டார்.

அடுத்த ஞாயிறு என்னையும் இழுத்துக்கொண்டு போய் ஒரு சர்ச் வாசலில் நின்றார். பூசை முடிந்து வருகிற பெண்களை மறித்து, "யக்கா, பொண்ணுக்கு கவுன் தெக்கணும்னா போன்ல இன்னா போட்டுத் தேடுவீங்க?" என்று நோட்டும் கையுமாகக் கேட்டார். ஒரு அம்மா என்னை மேலும் கீழும் பார்த்து, "மாப்பிள்ளைக்கு என்ன வேலை?" என்றார். உபதேசியார் வந்து, "நீங்க பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா?" என்று விசாரித்தார்.

"ரெண்டும் இல்ல சார். தேடறவங்க ஊடு" என்றார் அண்ணன். உபதேசியார் கேட்டை நோக்கிக் கையைக் காட்டினார்.

கேட்டுக்கு வெளியே ஒரு பெண் எங்கள் பின்னாலேயே வந்தாள். குரலைத் தாழ்த்தி, "கல்யாணத்துக்குள்ள குண்டாயிட்டா கவுனைப் பிரிச்சுப் பெருசாக்க முடியுமான்னு தேடினேன் அண்ணா. எங்கயும் பதில் இல்ல" என்றாள்.

அண்ணன் நோட்டை மூடினார். அங்கிருந்து நேராக ஸ்டெல்லா அக்கா கடைக்குப் போனோம்.

"இதென்ன பெரிய விஷயம்? நான் எப்பவும் உள்ள ரெண்டு இஞ்சு துணி விட்டுத்தான் தைப்பேன்" என்று அக்கா ஒரு கவுனைத் திருப்பிக் காட்டினார்.

"இத்த ஏன்கா இத்தினி நாளா சொல்லல?"

"இந்தத் தம்பி தேவதையைப் பத்தித்தானே கேட்டுது!"

அந்த உள்தையலை அண்ணன் படம் பிடித்தார். மூன்றை ஒன்றாக்கிய கட்டுரைக்கு அந்தப் பெண்ணின் கேள்வியே தலைப்பு, அக்காவின் பதிலே முதல் வரி. இதிலும் அண்ணனுடைய சொந்தச் சொல் ஒன்றுகூடக் கிடையாது. என் தேவதைகள் ஒவ்வொருவராகக் காணாமல் போனார்கள்.

"எறக்கி வுட்டுட்டேன் நைனா. பஸ்ஸப் புடிச்சி ஊடு போய்ச் சேந்துடுவாங்க."

அவரோடு பேசுவதை நிறுத்தினேன். அந்தக் கட்டுரையைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

தேடலில் ஐந்தாம் பக்கத்தில் கிடந்த கட்டுரை மூன்றுக்கு வந்தது, பிறகு இரண்டுக்கு. குருத்தோலை ஞாயிறுக்கு முதல் நாள் முதல் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தது. திங்கட்கிழமையே வானகரத்து அடுக்குமாடியிலிருந்து ஒரு ஐடி பெண் அம்மாவோடு அக்கா கடையில் வந்து நின்றாள். எதிர்க்கடையில் வாங்கின கவுன், ஜிப் ஏறவில்லை. அக்கா இரண்டு பக்கமும் லேஸ் பட்டை கொடுத்து ஏற்றிவிட்டார். அப்புறம் ஆள்மேல் ஆள். பாதிப் பேர் எதிர்க்கடை கவுனோடு வந்தார்கள். கொஞ்ச நாளில் எதிர்க்கடைக்காரரே, பிரித்துத் தைக்க அக்காவிடம் ஆள் அனுப்ப ஆரம்பித்தார். மெஷினை விற்கிற பேச்சே அதோடு நின்றது.

நன்றி சொல்ல வந்த அக்கா என்னிடம், "அந்த வானகரத்துப் பொண்ணு ஒரு வரியைப் படிச்சிட்டு அழுதுட்டுதாம். அதான் அம்மாவையும் கூட்டிட்டு வந்தேன்னு சொல்லுது. யாரு தம்பி எழுதினது?" என்றார்.

அப்போதுதான் கட்டுரையைத் திறந்தேன். அக்காவின் பதில்களுக்கு நடுவே என்னுடைய ஒரே ஒரு வரி உட்கார்ந்திருந்தது: 'கவுனைப் போட்டுக்கொண்டு மகள் திரும்பும் நிமிடத்தில், எந்த அம்மாவும் அளவைப் பற்றிப் பேசியதில்லை.'

"இதை மட்டும் ஏண்ணே விட்டீங்க?"

"அது ஒயுங்காத்தானே கீது" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். அவர் வாயிலிருந்து அந்த அலுவலகத்தில் யாருக்கும் கிடைக்காத வார்த்தை அது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, பாத்ரூமுக்குள் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

இப்போது நான் வேலப்பன்சாவடியில் வேறு கம்பெனி. அண்ணனும் அந்த வேலையை விட்டுவிட்டார். ஆனால் மாதம் தவறாமல் ஸ்டெல்லா அக்கா கடைக்கு வந்து அந்தக் கட்டுரையைத் தட்டிக்கொட்டிவிட்டுப் போகிறாராம். நானும் மாதம் தவறாமல் திறந்து பார்க்கிறேன். படம் மாறியிருக்கும், தலைப்பு மாறியிருக்கும், கேள்விகள் கூடியிருக்கும். நேற்றும் பார்த்தேன். அந்த ஒரு வரியில் மட்டும் அண்ணன் இன்னும் கை வைக்கவில்லை.