எதுக்காவது ஆகும் ஆசாமி

வீட்டில் குப்பைக்கூடை இருந்தும் அதில் எதையும் போட மனம் வராத ஓர் இனம் நம்மிடையே உலவுகிறது. அடையாளம் காண்பது சுலபம். ஒரு காலி டப்பாவை அவர் கையில் கொடுத்துப் பாருங்கள். மூடியைத் திருகுவார், உள்ளே மூக்கை விட்டு மோந்து பார்ப்பார், "இருக்கட்டும், எதுக்காவது ஆகும்" என்பார். எதுக்கு என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அது அவருக்கே தெரியாது.

ராஜபாளையத்தில் பஞ்சாலை சூப்பர்வைசர் எலியேசர் இந்த இனத்தில் முதல் வரிசை. அவர் வீட்டுக் கொடியில் வேட்டிக்குப் பக்கத்தில் கழுவிய பால் கவர்கள் கிளிப் மாட்டித் தொங்கும். மில்லில் நூல் சுற்றித் தீர்ந்த அட்டைக் கூம்புகளில் சீப்பும் பேனாவும் நிற்கும். தினமும் கிழிக்கிற பைபிள் வசனக் காலண்டர் தாளைக் கீழே போடுவது பாவம் என்று சேர்க்க ஆரம்பித்தவர், வசனமே இல்லாத சோப்புத்தூள் கவரையும் அதே பக்தியோடு சேர்த்து வந்தார். கிறிஸ்துமஸுக்கு வரும் வாழ்த்து அட்டையின் படத்தை மட்டும் வெட்டி, அடுத்த வருஷம் பின்னால் தன் பெயரை எழுதி அனுப்புவார். ஒருமுறை அது அனுப்பினவருக்கே போய்ச் சேர்ந்தது. "நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே ரசனை" என்று அந்த மனிதர் பதில் போட்டிருந்தார்.

எல்லாவற்றிலும் உயர்ந்தது ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா அட்டைப்பெட்டி. பால்கோவா ஒரு பொழுதுக்குத் தாங்காது, பெட்டிதான் நிற்கும் என்பது அவர் கொள்கை. நெய்க்கறை போக வெயிலில் வைத்து, பரணில் அடுக்கியிருந்தார். மனைவி ஞானபாக்கியம் அந்தப் பரணை அண்ணாந்து பார்ப்பதையே விட்டுவிட்டாள்.

மகள் இன்பத்தைப் பெண் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்தார்கள். கூட்டுறவு வங்கியில் வேலை பார்க்கும் வில்சனை இன்பத்துக்குப் பிடித்துவிட்டது. வந்த இடங்கள் எல்லாம் ஏதாவது ஒரு சின்னக் குறையில் தட்டிப்போயிருந்ததால், இதுவும் போனால் இனி யாரையும் கூட்டி வர வேண்டாம் என்று அவள் சொல்லியிருந்தாள். முடிவு வில்சனின் தாயார் தங்கபாய் கையில்.

வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்பலாமா? ஞானபாக்கியம் அச்சு முறுக்கு சுட்டு வைத்திருந்தாள்.

"கடையில நல்ல பெட்டி ஒண்ணு வாங்கியாங்க" என்றாள்.

"பரண் நெறையப் பெட்டி கெடக்கும்போது எதுக்குட்டி கடை?"

எலியேசரே பால்கோவா பெட்டியில் முறுக்கை அடுக்கி, மில் நூலால் கட்டி, முற்றத்து அலமாரியில் வைத்தார். அங்கே ஏற்கனவே இன்னொரு பால்கோவா பெட்டி இருந்தது. அதே நூல், அதே முடிச்சு. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்ட அவசரத்தில் ஒன்றை எடுத்துத் தங்கபாயின் பையில் வைத்து வழியனுப்பினார்.

திரும்பி வந்து, காய்ந்த பால் கவர்களை வழக்கம்போல மடித்து உள்ளே வைக்க மிச்சப் பெட்டியைத் திறந்தார். உள்ளே அச்சு முறுக்கு.

"அப்போ அவிய கொண்டுபோனது?" என்றாள் ஞானபாக்கியம்.

எலியேசர் கையிலிருந்த கவர்களைப் பார்த்தார். இன்பம் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அந்த வாரம் முழுக்க ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு தகவலும் இல்லை. மகள் முகத்தைப் பார்க்க எலியேசருக்குத் தைரியம் வரவில்லை. தன் கையாலேயே கெடுத்துவிட்டோம் என்று மனசு அறுத்தது. கடைசியில், பழைய பேப்பர் எடுத்துக்கொண்டு வெங்காயம் தருகிற மாரிசாமியைக் கூப்பிட்டார்.

"எல்லாத்தையும் அள்ளிட்டுப் போயிருலே."

"அண்ணாச்சி, ஒடம்புக்குச் சொகமில்லையா?" என்று மாரிசாமி உண்மையான கவலையோடு கேட்டான். பொறுக்கி எடுத்த ஒரே ஒரு பெட்டி தவிர அத்தனையும் அவன் மூன்று சக்கர வண்டியில் ஏறியது. பரணில் வெங்காயம் வந்து உட்கார்ந்தது.

வண்டி தெருமுனை திரும்பியிருக்கும், வாசலில் தங்கபாய். கையில் அந்தப் பெட்டி.

"பெட்டியைக் கொடுத்துட்டுப் போகலாம்னு வந்தேன் அண்ணாச்சி. வெறுமனே கொடுக்கக் கூடாதுல்ல, எங்க வீட்டுப் பால் கவரும் கொஞ்சம் வச்சிருக்கேன்."

எலியேசர் இரண்டு கையாலும் பெட்டியை வாங்கிக்கொண்டார்.

"இப்படிக் கழுவி, காயவச்சு, ஓரம் பிசகாம மடிச்சதை நான் எங்கயும் பாத்ததில்ல. ஒரு வாடை இருக்கா? இந்த வீட்டுப் பொண்ணுதான்னு அப்பவே முடிவு பண்ணிட்டேன், நேர்ல வந்து சொல்லணும்னுதான் தகவல் அனுப்பல. மதினி, எம்புட்டுச் சேத்து வச்சிருக்கீங்க? செத்த காட்டுங்களேன்."

ஞானபாக்கியம் வெங்காயத்தைப் பார்த்தாள். எலியேசர் வேட்டியை மடித்துக் கட்டினார்.

"செத்த நேரம் உக்காருங்க, இந்தா வாரேன்."

செருப்புகூடப் போடாமல் சேத்தூர் ரோட்டில் ஓடி, மூச்சிரைக்க மாரிசாமியைப் பிடித்தார். கொடுத்ததைத் திருப்பிக் கேட்டால் எந்த வியாபாரி தருவான்? வெங்காயம் அத்தனையும் திருப்பித் தருவதாகவும், கூடவே தான் பொறுக்கி வைத்திருந்த அந்தப் பால்கோவா பெட்டியையும் தருவதாகவும் சொன்னார். அவர் யாருக்கும் அதுவரை காலிப் பெட்டி கொடுத்ததே கிடையாது.

"வெயில்ல காயப் போட்டிருந்தோம்" என்று வீட்டுக்கு வந்து மூட்டையை இறக்கினார். தங்கபாய் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள். கல்யாணம் நிச்சயமாயிற்று.

தகப்பன் வீட்டுக் குப்பையைத் தலைமுழுகிவிட்டோம் என்று இன்பம் புகுந்த வீட்டுக்குப் போனாள். மறுநாள் காலையில் பால் கவரை வெட்டி ஊற்றிவிட்டு, எறியக் கை ஓங்கினாள். ஜன்னலுக்கு வெளியே கொடி நிறையக் கவர்கள் ஆடிக்கொண்டிருந்தன. ஓங்கிய கையை இறக்கினாள். பிறகு குழாயைத் திறந்து கவரைக் கழுவினாள்.

"எதுக்காவது ஆகும்" என்று தனக்குத்தானே சொன்னாள்.

சிரித்தீர்களா? நல்லது. இப்போது உங்கள் அடுக்களைக் கதவுக்குப் பின்னால், ஆணியில் தொங்குகிற கவருக்குள் கையை விடுங்கள். உள்ளே என்ன இருக்கிறது? கவர்கள். எதற்கு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்க மாட்டேன். படித்து முடித்த இந்தத் தாள் அலமாரித் தட்டில் விரிக்கப் போதுமா என்று ஓரக்கண்ணால் அளவு பார்க்கிறீர்களே, அதை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள்.