நாலடித் தொட்டியில் நாற்பத்தெட்டு மீன்

சேலத்தில் ஏதோ ஓர் அலுவலகத்தில் கடல்மீன் தொட்டி வைத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்ட நாள் முதல், நாமக்கல் தராசு, படி ஒருங்கிணைப்பு அலுவலகத்தில் வேலை ஓடவில்லை. அதற்கு முன்பும் பெரிதாக ஓடியதில்லை. இப்போது ஒரு காரணம் கிடைத்திருந்தது. மூன்றே வாரத்தில் இங்கேயும் நாலடித் தொட்டி வந்து இறங்கியது.

அதைப் பராமரிக்கும் வேலை எழுத்தர் வெள்ளியங்கிரியின் தலையில் விழுந்தது. பாவம், எடப்பாடியிலிருந்து தினமும் வர இரண்டு மணி நேரம், போக இரண்டு மணி நேரம் பஸ்ஸில் நின்றே வருகிற மனுஷன். "மேலதிகாரி பார்வையிட வாரப்ப மீன் நல்லா இருந்தா, எடப்பாடிக்கே மாறுதல்" என்று அதிகாரி இளஞ்செழியன் வாக்குக் கொடுத்திருந்தார். அன்றிலிருந்து வெள்ளியங்கிரியின் உயிர் அந்தத் தொட்டிக்குள்தான் இருந்தது.

தொட்டி விற்ற அக்சிலியா உப்புத் தண்ணீரைக் கலந்து ஊற்றிவிட்டு, "நாலு மீனுதாங்க தாங்கும். அதுக்கு மேல விட்டா மூச்சு முட்டிரும்" என்றார்.

இளஞ்செழியன் சிரித்தார். அவருடைய மாமனார் பண்ணையில் அறுபதாயிரம் கோழி.

"வெள்ளியங்கிரி, கூண்டுல ஒரு கோழிக்கு எவ்வளவு எடம்?"

"அரைச் சதுரடிங்க."

"நாலடி நீளம், ஒண்ணரையடி அகலம், தொட்டி ஆறு சதுரடி. பன்னெண்டு கோழி ஆச்சு. ஒரு கோழி நிக்கிற எடத்துல நாலு மீனு நிக்காதா?"

"நிக்குமுங்க. ஆனா..."

"நாப்பத்தெட்டு."

"கோழி காத்துல மூச்சு விடுதுங்க சார்" என்றார் அக்சிலியா.

"எங்க பண்ணைக்கு வந்து பாருங்கம்மா. அதுவே சந்தேகந்தான்."

'மேற்படி தொட்டியின் கொள்ளளவு, உரிய ஆய்வுக்குப் பின், நாற்பத்தெட்டு என இதன்மூலம் நிர்ணயிக்கப்படுகிறது' என்று ஆணை எழுதி, கண்ணாடியில் ஒட்டினார்கள். மீன்கள் படிக்கும்படி உள்பக்கம் பார்த்து ஒட்ட வேண்டுமென்று யாருக்கும் தோன்றவில்லை.

திங்களன்று விட்டது நாற்பத்தெட்டு. புதனன்று மிஞ்சியது பத்தொன்பது. மேலதிகாரி கோகிலவாணி வந்த வெள்ளியன்று நாலே நாலு. ஒட்டிய ஆணையை இளஞ்செழியன் காலையிலேயே கிழித்துவிட்டிருந்தார்.

"நாலு மீன். கச்சிதமான எண்ணிக்கை. எப்படி முடிவு பண்ணீங்க?" என்றார் கோகிலவாணி.

"நேரடிக் கள ஆய்வுங்க மேடம்" என்றார் இளஞ்செழியன், கூசாமல்.

அவருக்குப் பாராட்டுச் சான்றிதழ் கிடைத்தது. செத்த நாற்பத்து நாலுக்காக வெள்ளியங்கிரிக்கு மெமோ கிடைத்தது. மாறுதலைப் பற்றிக் கேட்டதற்கு, "கடல்மீன் அனுபவம் உள்ள ஒரே ஆளு நீங்க. உங்களை எப்படிங்க விட முடியும்?" என்றார் இளஞ்செழியன்.

அன்று மாலை வெள்ளியங்கிரி எடப்பாடி பஸ்ஸில் படிக்கட்டைப் பிடித்துத் தொற்றினார். உட்கார இடம் நாற்பத்தெட்டு என்று உள்ளே எழுதியிருந்தது. எண்பது பேர் இருந்தார்கள். எல்லோரும் முகத்தை அண்ணாந்து, வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

"உள்ள போங்க, எடம் கெடக்குது" என்றார் கண்டக்டர். எல்லோரும் ஓரடி நகர்ந்தார்கள்.

சங்ககிரியில் இன்னும் பத்துப் பேர் ஏறினார்கள். வெள்ளியங்கிரி முன்னால் நின்ற பெரியவரின் தோளைத் தட்டினார்.

"தள்ளி நில்லுங்க சாமி. ஒரு கோழி நிக்கிற எடம் சும்மா கெடக்குதில்ல."